ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் ஒளிமானி

ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா என்பது, ஒரே பொருளின் இரு பிம்பங்களைக் காட்சிச் சாளரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, அப்பொருளின் தொலைவைக் கண்டறியும் கேமரா வகையாகும். ஃபிலிமின் மீது விழவேண்டிய ஒளியின் அளவைக் கணித்துச் சொல்லும் கருவி ஒளிமானி எனப்படும். இவ்வகைக் கேமராவுக்குள் ஒளிமானியை எங்கே வைப்பது, அது எதை அளக்க வேண்டும், அளந்த பின் முடிவெடுப்பது கருவியா மனிதரா என்ற கேள்விகளுக்கு 1930-கள் முதல் கேமரா நிறுவனங்கள் பல விடைகளைத் தந்துள்ளன. ஒவ்வொரு விடையும் ஒரு வசதியைக் கொடுத்து வேறொரு பொறுப்பைப் படமெடுப்பவரிடம் விட்டுவைத்தது. பழைய கேமராவில் ஃபிலிம் மாட்டிப் படமெடுக்க விரும்புவோர், தம் கேமரா எந்தப் பொறுப்பைத் தம்மிடம் விட்டிருக்கிறது என்று முதலில் அறிந்துகொள்வது அவசியம். டிஜிட்டல் கேமராவைப் போல எடுத்தவுடன் பார்த்துத் திருத்திக்கொள்ள இதில் வழியில்லை. சுருள் முழுவதும் எடுத்து, கழுவிய பிறகே தவறு தெரியவரும்.

ஒளியளவு என்றால் என்ன?

ஃபிலிமின் மீது விழும் ஒளியை மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன. முதலாவது, லென்ஸ் துளையின் அகலம். இது எஃப்/2, எஃப்/5.6, எஃப்/16 போன்ற எண்களால் குறிக்கப்படும். எண் கூடினால் துளை சிறுக்கும். இரண்டாவது, ஷட்டர் திறந்திருக்கும் நேரம். மூன்றாவது, ஃபிலிமின் உணர்திறன். இது ஐ.எஸ்.ஓ. எண்ணால் சொல்லப்படும், பழைய கேமராக்களில் ஏ.எஸ்.ஏ. என்று பொறிக்கப்பட்டிருக்கும். ஒளி இருமடங்காவதையோ பாதியாவதையோ ஒளிப்படக்காரர்கள் ஒரு ‘ஸ்டாப்’ என்பர்.

கேமராவில் உள்ள ஒளிமானி, பொருளிலிருந்து திரும்பி வரும் ஒளியை அளக்கிறது. தன் முன்னால் இருப்பது வெள்ளைச் சுவரா கரும்பாறையா என்று அதற்குத் தெரியாது. எல்லாக் காட்சியும் சராசரியாக நடுச்சாம்பல் நிறம் கொண்டது என்ற அனுமானத்தில்தான் அது அளவு சொல்கிறது. இந்த அனுமானம் பொய்க்கும் இடங்கள் பல உண்டு.

புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தின் மீன்பிடித் துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். நண்பகலில் வானமும் பாக் நீரிணையின் நீர்ப்பரப்பும் கண்ணைக் கூசச் செய்யும். விசைப்படகின் நிழலில் உட்கார்ந்து வலை பின்னுபவரின் முகமோ இருண்டிருக்கும். ஒளிமானி வானத்தையும் நீரையும் சேர்த்து அளந்தால், ஒளி மிகுதி என்று கணித்துத் துளையைச் சுருக்கச் சொல்லும். விளைவாக, வானம் சரியாகப் பதிந்து, முகம் கரிய உருவமாக முடியும். மானி பழுதில்லாமல் வேலை செய்தும் படம் கெடும். எனவே, மானி எவ்வளவு துல்லியமானது என்பதோடு, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் முக்கியம்.

ரேஞ்ச்ஃபைண்டருக்கு உரிய சிக்கல்

எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் வழியாக வரும் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பிக் காட்சிச் சாளரத்துக்கு வருகிறது. அந்தப் பாதையில் ஒளி உணரியை வைத்துவிடலாம். ரேஞ்ச்ஃபைண்டரில் அத்தகைய பாதை இல்லை. காட்சிச் சாளரம் தனி, லென்ஸ் தனி. லென்ஸின் பின்புறம் ஷட்டரும் ஃபிலிமும் மட்டுமே உள்ளன. அங்கு உணரியை வைத்தால் ஃபிலிமுக்குப் போகும் ஒளியை அது மறைக்கும். வெளியே வைத்தால், லென்ஸ் பார்க்கும் காட்சியும் உணரி பார்க்கும் காட்சியும் ஒன்றாக இராது. இந்த இக்கட்டிலிருந்தே பல வடிவமைப்புகள் பிறந்தன.

மானி இல்லாத கேமராக்கள்

1932-இல் வெளிவந்த லைக்கா II, அதே ஆண்டின் கான்டாக்ஸ் I ஆகிய இரண்டிலும் ஒளிமானி கிடையாது. பிரான்சின் ஆன்றி கார்ட்டியே-பிரசோன் 1947-48-இல் இந்தியாவுக்கு வந்தார். காந்தியடிகளை அவர் மறைந்த நாளன்றே சந்தித்த அவர், இறுதி ஊர்வலத்தையும் படமெடுத்தார். அவர் பயன்படுத்திய லைக்காவிலும் உள்ளமைந்த மானி இல்லை. அக்கால லைக்கா எதிலுமே அது இருந்ததில்லை.

மானி இல்லாதோர் ‘வெயில் 16’ விதியைப் பின்பற்றினர். நல்ல வெயிலில் துளையை எஃப்/16-இல் வைத்து, ஐ.எஸ்.ஓ. எண்ணுக்கு நெருக்கமான ஷட்டர் வேகத்தை வைக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிமுக்கு 1/125 நொடி. பிற சூழல்களுக்கு, ஷட்டர் வேகத்தை மாற்றாமல் துளையை மட்டும் மாற்றினால் போதும்:

- வெண்மணல், கடற்கரை: எஃப்/22
- மெல்லிய மேகம்: எஃப்/11
- மேகமூட்டம்: எஃப்/8
- கனத்த மேகமூட்டம்: எஃப்/5.6
- திறந்த நிழல்: எஃப்/4

இந்த விதி பொருளின் நிறத்தைப் பார்க்காமல், பொருளின் மீது விழும் ஒளியை மட்டும் கணக்கில் கொள்வதால், மேலே சொன்ன நடுச்சாம்பல் குழப்பம் இதில் எழுவதில்லை. ஆனால் வீட்டின் உட்புறம், மாலை மங்கல், தெருவிளக்கு ஆகியவற்றில் இவ்விதி கைகொடுக்காது.

செலினியம்: மின்கலம் வேண்டாத மானி

1936-இல் வந்த கான்டாக்ஸ் III, உள்ளமைந்த ஒளிமானி கொண்ட முதல் ரேஞ்ச்ஃபைண்டர் எனலாம். அதன் தலைப்பகுதியில் செலினியம் மானி பொருத்தப்பட்டிருந்தது. ஒளி பட்டால் செலினியம் தானே மின்னோட்டத்தை உண்டாக்கும். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் வரும் ஒளி வோல்டா மின்கலம் இதுவே. அந்த மின்னோட்டம் ஒரு முள்ளை நகர்த்தும். முள் காட்டும் அளவைப் படித்து, ஷட்டரையும் துளையையும் கையால் வைத்துக்கொள்ள வேண்டும். மானிக்கும் ஷட்டருக்கும் இடையே எந்த இணைப்பும் இல்லை. போருக்குப் பின் சோவியத் ஒன்றியத்தில் தயாரான கீவ் கேமராக்களும் இதே வழியில் சென்றன.

1954-இன் லைக்கா எம்3 வேறு வழியை எடுத்தது. கேமராவில் மானியே இல்லை. வேண்டுவோர் தனியாக வாங்கி, கேமராவின் மேல் பொருத்திக்கொள்ளலாம். பொருத்தியவுடன் அது ஷட்டர் வேகத் திருகுடன் இணைந்து சுழலும். மானி கெட்டால் அதை மட்டும் கழற்றிவிடலாம், கேமரா தன் வேலையைத் தொடரும்.

1961-இன் கேனன் 7, ஷட்டர் வேகத்துடன் இணைந்த செலினியம் மானியை உடலுக்குள்ளேயே கொண்டிருந்தது. அதே ஆண்டில் வந்த முதல் கேனனெட், லென்ஸைச் சுற்றிச் செலினியத்தை வளையமாக வைத்து, துளையைத் தானே தேர்ந்தெடுத்தது. 1962 பிப்ரவரியில் பூமியைச் சுற்றிவந்த அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் தம்முடன் கொண்டுசென்ற ஆன்ஸ்கோ ஆட்டோசெட்டும் இத்தகையதே. மினோல்டா ஹை-மேட்டிக் என்ற ஜப்பானியக் கேமராவே வேறு பெயரில் விற்கப்பட்டது. கையுறை அணிந்த கையால் எண்களைத் திருகிக்கொண்டிருக்க முடியாதவருக்குத் தானியங்கி ஒளியளவு எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

செலினியத்தின் குறைகள் இரண்டு. மங்கிய ஒளியில் அது போதிய மின்னோட்டம் தருவதில்லை. மேலும், ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் திறன் குறையக்கூடும். கேமராவின் முகத்தில் தேன்கூடு போன்ற புடைப்புகள் கொண்ட கண்ணாடி இருந்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் செலினியமே.

காட்மியம் சல்பைடு: சிறிய கண், புதிய சார்பு

1960-களில் காட்மியம் சல்பைடு செலினியத்தின் இடத்தைப் பிடித்தது. இது மின்னோட்டத்தை உண்டாக்குவதில்லை. ஒளி படும்போது இதன் மின்தடை குறையும். பாடநூலில் ஒளி கடத்தும் மின்கலம் என்று வருவது இதுதான். பட்டாணி அளவில் இருந்தாலும் மங்கிய ஒளியிலும் வேலை செய்யும். 1965-இன் கேனன் 7எஸ் இதற்கு மாறியது.

இதற்கு விலையாக, கேமரா மின்கலத்தைச் சார்ந்திருக்க வேண்டியதாயிற்று. மற்றொரு குறையும் உண்டு. பளிச்சென்ற ஒளியைப் பார்த்துவிட்டு இருட்டுக்குத் திரும்பினால், பழைய நினைவிலிருந்து மீள இதற்குச் சில நொடிகள் ஆகும். வெயிலில் நின்றுவிட்டுக் கோயில் மண்டபத்துக்குள் நுழைந்தவுடன் நம் கண் தடுமாறுவதைப் போன்றது இது. பின்னர் வந்த சிலிக்கன் உணரிகள் இத்தாமதத்தைப் போக்கின.

மானி எங்கிருந்து பார்க்கிறது?

உணரியின் இருப்பிடத்தைக் கொண்டு இக்கேமராக்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, கேமரா உடலின் முன்புறத்தில் கண் கொண்டவை. 1966-இல் வந்து இலட்சக்கணக்கில் விற்ற யாஷிகா எலக்ட்ரோ 35 இவ்வகை. லென்ஸின் முன் மஞ்சள் வடிகட்டியை மாட்டினால் ஃபிலிமுக்கு ஒளி குறையும். ஆனால் தனியே இருக்கும் கண்ணுக்கு அது தெரியாது. ஐ.எஸ்.ஓ. எண்ணைக் குறைத்து வைத்து, படமெடுப்பவரே ஈடுகட்ட வேண்டும்.

இரண்டாம் வகை, லென்ஸின் முன்வளையத்துக்குள் கண் கொண்டவை. 1972-இல் வந்த கேனனெட் கியூ.எல்.17 ஜி-III இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வடிகட்டி லென்ஸையும் கண்ணையும் சேர்த்தே மூடுவதால், ஒளி குறைந்தது கண்ணுக்கும் தெரியும். தனிக் கணக்கு தேவையில்லை. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் கண் இருட்டையே பார்க்கும் என்பதால் முள் எச்சரித்துவிடும். ஆனால் லென்ஸ் கழற்ற முடியாததாக இருக்கும் கேமராக்களுக்கே இவ்வழி எளிது.

மூன்றாம் வகை, லென்ஸ் வழியாகவே அளப்பவை. லென்ஸை மாற்றும்போது காட்சியின் பரப்பு மாறுவதால், லென்ஸ் மாற்றும் கேமராக்களுக்கு இது பெரிதும் தேவைப்பட்டது. 1971-இன் லைக்கா எம்5 இதற்கு ஒரு துணிச்சலான தீர்வைக் கண்டது. ஒரு சிறிய கை, காட்மியம் சல்பைடு உணரியை ஏந்திக்கொண்டு ஷட்டருக்கு முன்னால் வந்து நிற்கும். பொத்தானை அழுத்தியதும், ஷட்டர் திறப்பதற்கு முன் அது விலகிக்கொள்ளும். 1973-இன் லைக்கா சி.எல். கேமராவிலும் இதே கை உண்டு. உள்ளே நீண்டு வரும் பின்பகுதி கொண்ட சில அகலக் கோண லென்ஸ்கள் அக்கையில் இடித்துவிடும் என்பதால் அவற்றைப் பொருத்தக் கூடாது. எம்5 உருவத்தில் பெருத்ததாலும் பழைய பயனாளர்களின் ஆதரவை அவ்வளவாகப் பெறவில்லை. 1975-இல் அதன் தயாரிப்பு முடிந்தது.

1984-இன் லைக்கா எம்6, அசையும் கையையே நீக்கியது. ஷட்டர் துணியின் நடுவில் 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெள்ளை வட்டம் பூசப்பட்டது. லென்ஸ் வழியாக வந்த ஒளி அவ்வட்டத்தில் பட்டுச் சிதற, ஓரத்தில் ஒளிந்திருக்கும் சிலிக்கன் உணரி அதை அளக்கும். ஒளிப்பாதையில் குறுக்கே எதுவும் நிற்பதில்லை. ஒரு வெள்ளைப் பொட்டு பல ஆண்டுச் சிக்கலைத் தீர்த்தது. இம்மானி காட்சியின் நடுப்பகுதியை மட்டுமே பார்க்கும். ஆகவே, படகு நிழலில் இருப்பவரின் முகத்தை நடுவில் வைத்து அளந்துவிட்டு, பிறகு காட்சியை அமைத்துக்கொள்ளலாம்.

லென்ஸ் வழியாக அளக்காமலும் இப்பயனைத் தர ஒலிம்பஸ் முயன்றது. 1969-இன் ஒலிம்பஸ் 35 எஸ்.பி. பரந்த பகுதியை அளக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் 6 பாகை அளவுள்ள சிறு புள்ளியை மட்டும் அளக்கும்.

முடிவெடுப்பது யார்?

அளந்த பிறகு என்ன நடக்கிறது என்பதிலும் மூன்று வழிகள் உள்ளன. முள்ளையோ விளக்கையோ பார்த்து, துளை, ஷட்டர் இரண்டையும் மனிதரே வைப்பது ஒரு வழி. எம்6 இவ்வாறே இயங்குகிறது. இரண்டு சிவப்பு அம்புக்குறிகளில் எது எரிகிறதோ, அதற்கேற்பத் திருக வேண்டும்.

ஷட்டர் வேகத்தை மனிதர் வைக்க, துளையைக் கருவி தேர்வது இரண்டாம் வழி. கேனனெட்டில் இதுவே முறை. ஓடும் பிள்ளைகளை எடுப்போருக்கு இது பொருந்தும். ஒளி எல்லை தாண்டினால் தானியங்கி நிலையில் பொத்தான் அழுந்தாது. துளையைக் கையால் வைக்கத் தொடங்கினாலோ மானி அணைந்துவிடும். அதாவது, இருட்டு மிகுந்து உதவி அதிகம் தேவைப்படும் நேரத்தில் மானி துணைக்கு வராது.

சத்யஜித் ராயின் படப்பிடிப்புகளை இருபது ஆண்டுகளுக்கு மேல் படமெடுத்த நிமாய் கோஷ், இத்தகைய கேனனெட் கியூ.எல்.17 கொண்டே ஒளிப்படத் துறைக்குள் நுழைந்தார். டாக்சியில் யாரோ விட்டுச்சென்ற கேமரா தமக்குக் கிடைத்ததாக அவர் நேர்காணல்களில் கூறியுள்ளார். 1969-இல் வெளியான ‘கூபி காயேன் பாகா பாயேன்’ படப்பிடிப்பில் அவர் எடுத்த படங்களே ராயின் கவனத்தை ஈர்த்தன. நாடகத் துறையிலிருந்து வந்தவர், முறையாக ஒளிப்படம் பயிலாதவர். அத்தகைய ஒருவர் எடுத்தவுடன் நல்ல படம் பெற, மானி உள்ளமைந்த எளிய கேமரா வழிவகுத்தது. தமிழில் ‘பாதை தெரியுது பார்’ படத்தை இயக்கிய நிமாய் கோஷ் வேறொருவர்.

துளையை மனிதர் வைக்க, ஷட்டர் நேரத்தைக் கருவி தேர்வது மூன்றாம் வழி. யாஷிகா எலக்ட்ரோ 35 இதை மின்னணு ஷட்டரால் செய்தது. அது தேர்ந்த நேரம் என்னவென்று காட்டாது. கை நடுங்கும் அளவுக்கு நேரம் நீண்டால் மஞ்சள் விளக்கும், ஒளி மிஞ்சினால் சிவப்பு விளக்கும் எரியும், அவ்வளவே. மின்கலம் தீர்ந்தால் 1/500 நொடி என்ற ஒரே வேகம் மிஞ்சும். 2002-இன் லைக்கா எம்7-உம் இவ்வழியைப் பின்பற்றியது. ஆனால் மின்கலம் இல்லாமலும் 1/60, 1/125 என்ற இரு வேகங்கள் வேலை செய்யும்படி வைத்தது. எம்6-இல் மின்கலம் தீர்ந்தால் மானி மட்டுமே நிற்கும், ஷட்டர் வேகங்கள் அனைத்தும் இயங்கும்.

பாதரச மின்கலம் மறைந்த பின்

காட்மியம் சல்பைடு மானிகள் பலவும் 1.35 வோல்ட் பாதரச மின்கலத்தை நம்பி வடிவமைக்கப்பட்டவை. தீரும் வரை மின்னழுத்தம் ஏறத்தாழ மாறாதிருப்பது அதன் சிறப்பு. சுற்றுச்சூழல் கேடு கருதி இம்மின்கலங்கள் விலக்கப்பட்டன. அமெரிக்காவில் 1996-இல் சட்டம் வந்தது.

அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் ஆல்கலைன் மின்கலத்தைப் போட்டால் பல கேமராக்களில் முள் கூடுதலாக நகரும். ஒளி அதிகம் இருப்பதாக மானி எண்ணி, ஃபிலிமுக்குக் குறைந்த ஒளியைக் கொடுக்கும். படம் இருண்டு வரும். வீட்ஸ்டன் சமனச்சுற்று அமைப்பில் செய்யப்பட்ட மானிகள் இதற்கு விலக்கு. சமநிலைப் புள்ளி மின்னழுத்தத்தைப் பொறுத்ததல்ல என்பது மாணவர்கள் ஆய்வகத்தில் கண்டதே.

காது கேட்கும் கருவிக்கான 675 அளவுத் துத்தநாக-காற்று மின்கலம் 1.4 வோல்ட் தருவதால், அதை ஒரு சிறு வளையத்துடன் பொருத்துவது எளிய மாற்று. ஒட்டியிருக்கும் தாளை உரித்தபின் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை அது உழைக்கும். யாஷிகா எலக்ட்ரோவின் 5.6 வோல்ட் மின்கலத்துக்குப் பதிலாக, 6 வோல்ட் மின்கலத்தை இடைவெளி நிரப்பும் துண்டுடன் பலர் பயன்படுத்துகின்றனர்.

பழைய கேமராவைப் பயன்படுத்தும் முன்

வீட்டு அலமாரியில் கிடந்த கேமராவில் ஃபிலிம் மாட்டுவதற்கு முன் கீழ்க்கண்டவற்றைச் சோதிப்பது நல்லது.

- மின்கல அறையில் பச்சை நிற அரிப்பு உள்ளதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் துடைத்து, தொடுமுனைகள் பளிச்சிடும்படி செய்ய வேண்டும்.
- நல்ல வெயிலில், ஒரே நிறமுள்ள நடுத்தர வெளிச்சப் பரப்பை அளந்து, ‘வெயில் 16’ விதியுடன் ஒப்பிட வேண்டும். பிறகு நிழலிலும் அறைக்குள்ளும், கைப்பேசியில் உள்ள ஒளிமானிச் செயலியுடன் ஒப்பிட வேண்டும்.
- வேறுபாடு எல்லா ஒளியிலும் ஒரே அளவில் இருந்தால், ஐ.எஸ்.ஓ. எண்ணை மாற்றி வைத்து ஈடுகட்டலாம். ஒளிக்கு ஒளி வேறுபட்டால் அம்மானியை நம்பக் கூடாது.
- முதல் சுருளாக நெகட்டிவ் ஃபிலிமைப் பயன்படுத்தலாம். ஒரு ஸ்டாப் கூடுதல் ஒளியை அது தாங்கும். ஸ்லைடு ஃபிலிமில் அரை ஸ்டாப் பிழையே கண்ணில் படும்.
- கடற்கரை போன்ற இடங்களில் கேமராவைச் சற்றுக் கீழே சாய்த்து, வானம் படாமல் அளக்க வேண்டும். அல்லது, பொருளின் மீது விழும் அதே ஒளியில் உள்ளங்கையை நீட்டி அளந்து, ஒரு ஸ்டாப் கூடுதல் ஒளி கொடுக்கலாம். உள்ளங்கை நடுச்சாம்பலைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் வெளிச்சமானது.

2014-இல் லைக்கா நிறுவனம் எம்-ஏ என்ற புதிய ஃபிலிம் கேமராவை வெளியிட்டது. அதில் ஒளிமானியும் இல்லை, மின்கலமும் இல்லை. மானி பல நிலைகளில் வளர்ந்த பிறகும் மானியற்ற கேமராவை வாங்குவோர் இருக்கின்றனர் என்பதை இது காட்டுகிறது. மானி இருந்தாலும் இல்லாவிட்டாலும், காட்சியில் எந்தப் பகுதி சரியாகப் பதிய வேண்டும் என்று தீர்மானிப்பது படமெடுப்பவரின் பணியே. அந்த முடிவை எந்த உணரியும் இதுவரை எடுத்துக்கொள்ளவில்லை.